ஓலையும் சிப்பியும் ஒரே பலகையில்

சுவரில் மாட்டும் அலங்காரப் பலகை செய்கிறவர்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பொருளுக்குப் பஞ்சமே கிடையாது. கொல்லையில் தென்னை, வரப்பில் பனை, பக்கத்து விளையில் வாழை, பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் கடல். பஞ்சம் உலர்ந்த காற்றுக்குத்தான். ஜூனில் வரும் தென்மேற்குப் பருவமழையும் எங்களுக்கு உண்டு, அக்டோபரில் வரும் வடகிழக்கும் உண்டு. மழை விட்டாலும் உப்புக் காற்று விடாது. எங்கோ ஒரு வறண்ட ஊரில் எடுத்த செய்முறை வீடியோவில் "இரண்டு மணி நேரம் காயவிடுங்கள்" என்பார்கள். ஆடிச் சாரலில் நாகர்கோவில் வீட்டுக்குள் அதை இரண்டு நாள் என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைக்கு இப்போது 'மிக்ஸ்டு மீடியா' என்று பெயர். பலர் இதில் கற்பனைதான் முக்கியம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓலை ஈரம் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். மரப்பலகை வளையும். சிப்பி அசையாது. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் உட்கார வைப்பதில்தான் முக்கால்வாசித் திறமையும் இருக்கிறது. வடிவத்தை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம்.

இதற்குப் பாடம் படிக்க வெளியூர் போக வேண்டாம். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. மந்திரசாலையின் சன்னலில் மரச்சட்டத்துக்குள் வண்ண மைக்காத் தகடுகள். தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பிலா மரத்தில் கடைந்த தூண். கண்ணாடிபோல் மின்னும் அந்தக் கறுப்புத் தரை, சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்தது என்று சொல்வார்கள். அடுத்த முறை போகும்போது அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு பொருள் முடிந்து இன்னொரு பொருள் தொடங்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். மைக்கா மரத்தின் மேல் ஒட்டி நிற்கவில்லை, சட்டத்துக்குள் அடங்கி நிற்கிறது. வடசேரிக் கோயில் நகை வேலையிலும் இதுவேதான். சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் வெள்ளித் தகட்டின்மேல் வெறுமனே ஒட்டப்படுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் குழி உண்டு, சுற்றிலும் விளிம்பு உண்டு. கனமான எதையும் பலகையில் வைக்கும்போது நானும் முதலில் அதற்கு ஓர் இருக்கை செதுக்கிவிடுவேன். பசை அதன் பிறகுதான்.

பலகை விஷயத்தில் என் தேர்வு பழைய மரம். பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் அயனி, பிலா, தேக்குத் துண்டுகள் விறகு விலைக்குக் கிடைக்கும். பல மழைக்காலம் பார்த்த மரம் இனிமேல் பெரிதாக வளையாது. ஆணியை மட்டும் கவனமாகப் பிடுங்க வேண்டும். எம்.டி.எஃப். பலகை மலிவு, வழவழப்பு, வெட்டவும் எளிது. ஆனால் அதன் ஓரம் ஈரத்தை உறிஞ்சி ரொட்டிபோல் உப்பும். அதைத்தான் வாங்குவேன் என்றால் முன்பக்கம் மட்டும் பிரைமர் அடித்து நிறுத்தாதீர்கள். பின்பக்கம், நாலு ஓரம் எல்லாவற்றுக்கும் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைத்த பலகை மறுபக்கம் ஈரம் குடித்து வில்லாக வளைந்துவிடும்.

ஓலைக்கு வருகிறேன். முற்றிய பனையோலை முறியும், குருத்தோலைதான் வேலைக்கு ஆகும். நிழலில் உலர்த்த வேண்டும், நேர் வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். சாயம் ஏற்ற, கொதிக்கும் நீரில் சாயப்பொடியும் கொஞ்சம் உப்பும் போட்டு, ஓலையை முக்கி எடுத்து, நிறம் கழிவது நிற்கும் வரை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். பின்னுவதற்கு ஓலை ஈரமாக இருக்க வேண்டும், ஒட்டுவதற்கு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கடவமும் சுளவும் முடைந்த அம்மை என் பின்னலைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வார்த்தை: "மக்ளே, ஓலைக்குக் கொஞ்சம் இடம் குடு." அதன்படி நான் ஓலைப் பின்னலை முழுப் பரப்பும் ஒட்டுவதே இல்லை. மேல் விளிம்பையும் நடுவில் சில இடங்களையும் மட்டும் பிடித்துவிட்டு, மற்றதை வாழைநாரால் பலகையோடு தைத்துவிடுவேன். மழைக்கு உப்பினாலும் அதற்குப் போக இடம் இருக்கும்.

ஓலைக்கும் துணிக்கும் புளியங்கொட்டைப் பசை இன்றும் நல்ல பசை. அதில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை கலக்காவிட்டால் ராமபாணப் பூச்சிக்கு விருந்தாகிவிடும். மயில்துத்தம் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் பசை கலக்கிய பாத்திரத்தைச் சமையலறைக்குள் கொண்டு போகவே கூடாது. மரத்தோடு மரம், கயிறு, துணி என்றால் ஃபெவிகால் சரி. அது தண்ணீரை வெளியே விட்டுத்தான் இறுகும். இரண்டு பக்கமும் தண்ணீர் உறிஞ்சாத சிப்பி, கண்ணாடி, உலோகம் என்றால் அந்தத் தண்ணீருக்குப் போக வழியில்லை. அங்கே அரால்டைட் வகைப் பசைதான். அதிலும் அவசரமில்லாதவர்கள் மெதுவாக இறுகும் வகையை வாங்கி ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுவது மேல்.

சிரட்டை பார்க்க எளிது, ஒட்டப் பிடிவாதம். அதன் வளைவு காரணமாக விளிம்பு மட்டும்தான் பலகையைத் தொடும். உட்குழிவில் எம்-சீல் உருட்டி வைத்து அழுத்தினால்தான் பிடிக்கும். முதலில் 80, பிறகு 120, கடைசியில் 220 எண் உப்புத்தாள் தேய்த்தால் நல்ல வழவழப்பு வரும். தேங்காய் எண்ணெய் பூசுகிற ஆசையை ஒட்டி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் பட்ட இடத்தில் எந்தப் பசையும் நிற்காது.

சிப்பியைக் கெடுப்பது அழுக்கைவிட உப்பு. கடலிலிருந்து வந்ததை அப்படியே ஒட்டினால் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, சுற்றியுள்ள வண்ணத்தைப் பொரிந்து எழ வைக்கும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு நாள்தோறும் தண்ணீரை மாற்ற வேண்டும். கழுவிய நீரில் கொஞ்சத்தைக் கறுப்புத் தட்டில் ஊற்றிக் காயவிடுங்கள்; வெள்ளைப் படிவம் தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். வினிகர், ஆசிட் பக்கமே போகாதீர்கள். சிப்பி கால்சியம் கார்பனேட், ஆசிட் அதைத் தின்று பளபளப்பைப் போக்கிவிடும்.

மணலுக்கும் இதே கழுவல்தான். ஆனால் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு, சிவப்பு மணலை வண்ணத்துக்காக அள்ளி வரும் பழக்கம் வேண்டாம். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், அவற்றோடு கலந்து கிடப்பது மோனசைட். தோரியம் உள்ள, கதிரியக்கம் கொண்ட கனிமம் அது. ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே பிரித்தெடுப்பது இந்தக் கனிமங்களைத்தான். வரவேற்பறைச் சுவரில் அதற்கு என்ன வேலை? செங்கல் பொடி, கரித்தூள், காவி, சுண்ணாம்பு இவற்றைப் பழைய வேட்டித் துணியில் சலித்தால் நாலு நிறம் கையில். மஞ்சள் தூள் மட்டும் சேர்க்காதீர்கள், வெளிச்சம் பட்டுச் சீக்கிரம் வெளுத்துவிடும்.

நிறத்தைப் பற்றித் தோவாளை மாணிக்கமாலையைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற மாலை அது. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சைக்கு நொச்சி இலை, அவ்வளவே. மடிப்பின் நெருக்கத்தாலும் ஒழுங்காலும் பூ மாணிக்கக் கல்லாகத் தெரிகிறது. கைவினைக் கடையில் ஏழெட்டு மின்னும் நிறங்களும் பாசிமணியும் ஜிகினாவும் வாங்கிக் குவிக்கிறவர்கள் ஒரு காலை தோவாளைப் பூச்சந்தைக்குப் போய் வரலாம்.

மாட்டும்போது பலகையின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிவிடுங்கள், சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓடும். தென்மேற்கு மழை அடித்து ஓதமேறும் மேற்குச் சுவர் வேண்டாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல்குதிரை, ராட்சதச் சிப்பி, நாட்டிலஸ் ஓடு இவையெல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. அழகாக இருக்கிறது என்று வாங்கி வைத்தாலும் குற்றமே. மணக்குடிப் பொழிமுகத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சாதாரணச் சிப்பி ஓடு போதும். அதிலும் உள்ளே உயிர் இருந்தால் திரும்ப நீரில் விட்டுவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் பலகைக்குச் சிப்பியையே விட்டுவிடலாம். ஓர் அயனித் துண்டு, கொஞ்சம் குருத்தோலை, இரண்டு சிரட்டை, காவி, சுண்ணாம்பு போதும். தை பிறந்து பனி விலகியதும் தொடங்குங்கள். பங்குனிக்குள் வார்னிஷ் பூச்சு முடிந்துவிட வேண்டும்.