நாவைக் காக்க, வீட்டைக் காக்க 12 குறிப்புகள்

யாக்கோபு தம் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் நாவைக் கப்பலின் சுக்கானோடு ஒப்பிடுகிறார். சென்னைக் கப்பல் துறைமுகத்துக்குள் திரும்புவதைப் பார்த்துப் பழகிய அந்தமானின் மின்னி பே மக்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய கப்பல் எங்கே போக வேண்டும் என்பதைத் தண்ணீருக்கடியில் இருக்கும் சிறு சுக்கான் தீர்மானிக்கிறது. நாவடக்கம் ஜெபத்தால் மட்டும் வந்துவிடாது. வீட்டுப் பழக்கங்களும் மாற வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்கள் இன்றே தொடங்கக்கூடிய வழிகள் இதோ.

1. காலை ஜெபத்தில் பெயர் சொல்லுங்கள். போனைக் கையில் எடுக்கும் முன் சங்கீதம் 141:3ஐ வாசியுங்கள். வாய்க்குக் காவல் வேண்டும் என்று தாவீது கேட்ட விண்ணப்பம் அது. அன்று யாரோடு பேச்சு முற்றக்கூடும் என்று யோசியுங்கள். மாமியாராக இருக்கலாம், மேலதிகாரியாக இருக்கலாம், பரீட்சைக்குப் படிக்காத மகனாக இருக்கலாம். அவரைப் பெயர் சொல்லி நினைத்து ஜெபியுங்கள். நேரில் பார்க்கும்போது கோபம் பாதியாவது குறைந்திருக்கும்.

2. குழாயடிக்கு ஒரு வாக்கியத்தோடு போங்கள். கோடையில் தானிகாரி அணையில் நீர் குறைந்தால் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். வார்த்தை தடிப்பதும் அந்த நாட்களில்தான். சாந்தமாகப் பேசினால் எதிராளியின் சினம் இறங்கும் என்று நீதிமொழிகள் 15:1 போதிக்கிறது. "அக்கா, நீங்க ரெண்டு குடம் பிடிச்சுக்குங்க, அடுத்து நான் வைக்கிறேன்" என்பதுபோல ஒன்றை முன்பே மனத்தில் தயாராக வைத்திருங்கள். குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள்.

3. பிள்ளையைத் திட்டாதீர்கள், செயலைத் திருத்துங்கள். "மூதேவி", "சனியன்", "நீ உருப்படவே மாட்டே" போன்ற சொற்களை இன்றோடு வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். பெற்றவர் வாயிலிருந்து வரும் சாபத்தைப் பிள்ளை நம்பிவிடும். "சோம்பேறி" என்று கத்துவதற்குப் பதில், "பையை எடுத்து வச்சிட்டு விளையாடப் போ" என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்.

4. தினமும் ஒரு பாராட்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தினார். அங்கே படித்த ஒரு சிறுவனை மேலும் படிக்கப் பர்மாவின் மாண்டலேக்கு அனுப்பினார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரிய மொழியில் தந்தவர் அவர். 1952இல் அமைந்த முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் உறுப்பினராகவும் இருந்தார். பெரியவர் ஒருவர் நம்பிக்கையோடு தட்டிக்கொடுத்தால் பிள்ளை எவ்வளவு தூரமும் போகும். இரவு படுக்கும் முன், அன்று பிள்ளை செய்த நல்ல காரியம் ஒன்றைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்.

5. பொழுது சாயும் முன் சமாதானம். கோபத்தோடு சூரியனை மறையவிடக் கூடாது என்பது எபேசியர் 4:26இன் போதனை. நம் தீவில் டிசம்பரில் மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். ஆகவே காலையில் நடந்த சண்டையை இரவுச் சாப்பாடு வரை இழுக்காதீர்கள். மன்னிப்புக் கேட்கும்போது "நான் அப்படிப் பேசினது தப்பு" என்பதோடு நிறுத்துங்கள். "நீ அப்படிச் செஞ்சதாலதான்" என்று சேர்த்தால் சண்டை மறுபடி தொடங்கிவிடும். பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்கலாம்; அதனால் பெற்றோர் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

6. வாய்ஸ் மெசேஜை ஆறவிடுங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் இணைப்பு வந்த பிறகு சொந்த ஊருடன் பேசுவது எளிதாகிவிட்டது. கோபத்தை அனுப்புவதும் அதே அளவு எளிதாகிவிட்டது. சொத்துப் பேச்சு, கல்யாணப் பேச்சு எதுவானாலும் கொதிப்பில் பேசி அனுப்பாதீர்கள். தூத்துக்குடியிலோ ராமநாதபுரத்திலோ அதை ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கும். ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் காலை வாசித்துப் பார்த்துப் பேசுங்கள்.

7. வதந்தியை உங்களோடு நிறுத்துங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு நான்கு நாள் கழித்து, மறுபடியும் அலை வரக்கூடும் என்ற எச்சரிக்கை பரவியது. தமிழகக் கரையோர மக்கள் அலறியடித்து ஓடினார்கள், அலை வரவில்லை. ஐதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. அதன் அறிவிப்பைப் பார்க்காமல் எதையும் பிறருக்கு அனுப்பாதீர்கள். பலத்த நில அதிர்வை நீங்களே உணர்ந்தால் மட்டும் யாருக்கும் காத்திராமல் மேட்டுக்குப் போய்விடுங்கள்.

8. ஜெபக் குறிப்பு புறணியாகக் கூடாது. "அந்த அக்கா வீட்டுக்காரர் குடிக்கிறாராம், ஜெபிச்சுக்குங்க" என்று பெண்கள் ஐக்கியத்தில் சொன்னால், மறுநாளே அது சபை முழுக்கத் தெரிந்துவிடும். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேளுங்கள். இல்லாவிட்டால் "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்று மட்டும் சொல்லுங்கள். யார் எவரென்று கர்த்தருக்குத் தெரியும்.

9. நோயாளியிடம் குறைவாகப் பேசுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தார்கள்; வாயைத் திறந்த பிறகுதான் அவரை நோகடித்தார்கள். மின்னி பேயின் தன்வந்திரி கடற்படை மருத்துவமனைக்கோ, ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கோ ஆளைப் பார்க்கப் போனால், "விசுவாசம் குறைஞ்சதால வந்தது", "வாயால அறிக்கை பண்ணினா போதும், மாத்திரை வேண்டாம்" என்று பேசவே பேசாதீர்கள். சொல்லுக்கு வலிமை உண்டு. அதை ஆறுதல் தரவே பயன்படுத்த வேண்டும். கையைப் பிடித்துச் சிறு ஜெபம் செய்யுங்கள். காத்திருக்கும் உறவினருக்குச் சாப்பாடு கொடுங்கள்.

10. இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தாதீர்கள். தமிழர், வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், நிக்கோபாரியர், 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்கு அழைத்துவரப்பட்ட ராஞ்சி மக்கள் எனப் பலரும் சேர்ந்து வாழும் ஊர் இது. கடவுளைத் துதிக்கும் அதே வாயால் அவர் சாயலில் படைக்கப்பட்ட மனிதரைச் சபிப்பது தகாது என்று யாக்கோபு 3:9, 10 கண்டிக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் பெரியவர்கள் செய்யும் கேலியைத்தான் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள்.

11. சத்தியம் செய்ய வேண்டிய நிலை வரக் கூடாது. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேசும்படி மத்தேயு 5:37இல் இயேசு கற்பிக்கிறார். "பிள்ளை மேல சத்தியமா" என்று சொல்வதை விடுங்கள். டிக்கெட் கிடைக்கும் முன்பே "அடுத்த கப்பல்ல தாத்தா ஊருக்குப் போறோம்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். "டிக்கெட் கிடைச்சா போவோம்" என்றால் பிள்ளைக்குப் புரியும்.

12. நாவடக்கம் வேறு, வாய்மூடிக் கிடப்பது வேறு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாள்கணக்கில் பேசாமலிருப்பது அடக்கம் அல்ல, தண்டனை. அடி உதை நடக்கும் வீட்டில் "பொறுத்துப் போம்மா" என்று அறிவுரை சொல்வதும் பாவமே. பேச முடியாதவருக்காகப் பேசும்படி நீதிமொழிகள் 31:8 கட்டளையிடுகிறது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்களைச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பன்னிரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு மிகவும் தேவையான ஒன்றை இன்றைய குடும்ப ஜெபத்தில் எல்லோருமாகத் தேர்ந்தெடுங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், எப்படி நடந்துகொண்டோம் என்று பிள்ளைகளையே கேளுங்கள்; அவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். வீண் சொல்லுக்கெல்லாம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று மத்தேயு 12:36 எச்சரிக்கிறது. அந்தக் கணக்கை இந்த வாரமே நம் வீட்டில் பார்க்கத் தொடங்குவோம்.