சீப்பு ஒரு மருந்தா?

ஓடும் பேருந்து சட்டென்று நின்றால் நிலைமத்தால் முன்னே சாய்கிறீர்கள் அல்லவா? விபத்தில் தலை மோதி நிற்கும்போது மூளைக்கும் அதுவே நேர்கிறது. அது மண்டையோட்டின் உட்புறத்தில் இடிபடுகிறது. சினத்தையும் கவனத்தையும் கட்டுப்படுத்தும் நெற்றிப்புற மூளைதான் பெரும்பாலும் அடிபடும் இடம்.

மயக்கம் தெளியும் நோயாளிகள் சிலர் கத்துவார்கள், குழாய்களைப் பிடுங்குவார்கள், பெற்ற தாயையே அடிப்பார்கள். பைத்தியம் பிடித்துவிட்டதென்று வீட்டார் கலங்குவர். அப்படியன்று. கலிபோர்னியாவின் ரான்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையினர் 1972-ல் மூளை தேறிவரும் நிலைகளை 8 படிகளாக வகுத்தனர். இது 4-ஆம் படி. மூளை விழித்துவிட்டது, வந்து குவியும் ஒலியையும் ஒளியையும் சலித்தெடுக்க அதற்கு இன்னும் இயலவில்லை.

ஆகவே செயல்வழிச் சிகிச்சையாளர் முதலில் வானொலியை நிறுத்துவார், விளக்கை மங்கலாக்குவார், ஒருவரை மட்டுமே பேசவிடுவார். பிறகு, "தலை வாருங்கள்" என்று சீப்பைக் கையில் கொடுப்பார். ஏன் சீப்பு? பல்லாயிரம் முறை பழகிய செயலின் நினைவு, நேற்றைய நிகழ்ச்சிகளின் நினைவைப்போல் எளிதில் அழிவதில்லை. கை தானறிந்த வேலையில் இறங்கும்போது படபடப்பு தணிவதுண்டு. இரண்டு நிமிடம் நீடித்தாலே நல்லது. மறுத்தால் வற்புறுத்தாமல், முகம் துடைக்கத் துண்டை நீட்டுவார். (நம் உறவினர்களோ, "நான் யார், தெரிகிறதா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டு வதைப்பார்கள்! விடை தெரியாத தவிப்பே கோபமாக வெடிக்கும்.)

5-ஆம் படியிலும் குழப்பம் நீடிக்கும். ஆனால் இந்தக் கொந்தளிப்பு அடங்கியிருக்கும்.