களைப்புக்குப் பின் வரும் புளுகம்



துலா மிதித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். விடியமுன் ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். இன்னொருவர் பட்டையைப் பிடித்து இறைப்பார். மற்றவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். முதலில் கால் உளையும், மூச்சு வாங்கும். அரைமணி கழிய உளைவு மறந்துபோகும்; உடம்பு இலேசாகும்; பேச்சும் சிரிப்பும் வரும். வெங்காயம் இன்னும் விளையவில்லை, காசும் கைக்கு வரவில்லை. அப்படியானால் அந்தப் புளுகம் எங்கிருந்து வந்தது?

உடம்பே செய்யும் மருந்து

1992இல் எருசலேமில் ஆய்வாளர்கள் மூளையில் ஒரு பொருளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஆனந்தமைட்’ என்று பெயரிட்டார்கள். நாம் சொல்லும் ‘ஆனந்தம்’ என்ற அதே சொல்லிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது. மிதமான வேகத்தில் 50 நிமிடம் ஓடியவர்களினதும் சைக்கிள் மிதித்தவர்களினதும் இரத்தத்தில் இது கூடியிருந்ததை 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நோவைத் தணிக்கும் எண்டோர்பின் என்ற பொருளும் கடும் உழைப்பின்போது சுரக்கிறது.

கணக்கில் வராத இழப்பு

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தின் ஏனைய பகுதிகளிலிருந்தும் மக்கள் வெளியேறினார்கள். 2009இன் பின் காணிகள் படிப்படியாக விடுபட்டாலும் எல்லோரும் திரும்பவில்லை. இழந்த காணியும் கிணறும் கணக்கில் எழுதப்பட்டன. உழைப்பு நின்றதால் உடம்பு இழந்த ஆறுதல் எந்தக் கணக்கிலும் வரவில்லை. சும்மா இருக்கும் உடம்பில் நித்திரை குறையும், யோசனை கூடும். அந்த வெறுமையைச் சிலர் சாராயத்தால் நிரப்பப் பார்க்கிறார்கள்.

காணி கைவிட்டுப் போனாலும் இந்த ஆனந்தத்தைச் சுரக்கும் சக்தி நம் உடம்பை விட்டுப் போகவில்லை.

அதை வளர்ப்பது எப்படி?

1. வேகமாக நடவுங்கள், சைக்கிள் ஓடுங்கள் அல்லது மண் கொத்துங்கள். பேச முடியவேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கவேண்டும். அதுவே சரியான அளவு.

2. பத்து நிமிடத்தில் தொடங்கி, சில வாரங்களில் அரைமணிக்கு மேல் கொண்டுவாருங்கள். தொடக்கத்தில் களைப்பு மட்டுமே தெரியும். அதைக் கண்டு விட்டுவிடாதீர்கள்.

3. கூட்டாகச் செய்யுங்கள். ஒக்ஸ்போர்டில் தனியே துடுப்பு வலித்தபோதைவிட, ஒரே தாளத்தில் சேர்ந்து வலித்தபோது அதே வீரர்கள் கூடுதலாக நோவைத் தாங்கினார்கள். துலா மிதித்தவர்களுக்கு இது புதினமல்ல.

4. வெயில் ஏறமுன் செய்யுங்கள். தண்ணீர் குடியுங்கள். பட்டினியோடு செய்யவேண்டாம். நெஞ்சு நோ உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

5. தண்ணீரும் விறகும் சுமக்கும் பெண்களுக்கு இன்னொரு சுமை வேண்டாம். அந்தக் குடத்தை ஆண்கள் தூக்கட்டும். பெண்கள் மாலையில் கைவீசி, கூடிக் கதைத்து நடக்கட்டும்.

இது போன காணியைத் திருப்பித் தராது. இறந்தவர்களுக்கான துக்கத்தையும் ஆற்றிவிடாது. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். ஆனால் மனம் சோர்ந்து கிடக்கிற நாளில் அதைத் தூக்கி நிறுத்தக் கால்களால் முடியும்.

கலந்துரையாட

• வேலை செய்துகொண்டிருக்கும்போதே புளுகம் வந்த ஒரு நாளை நினைவுகூருங்கள். அப்போது உங்களோடு யார் இருந்தார்கள்?

• நாளை விடிய நடப்பதற்கு எந்த அயலவரைக் கூப்பிடுவீர்கள்?