சைக்கிள் பந்தயமும் சாலைப் பயமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

செப்டம்பர் 15 நெருங்கினால் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளும் கையுமாகத் தென்படுவார்கள். அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் சைக்கிள் போட்டிக்கு வந்த கூட்டம் அது. கூடவே டீக்கடைகளில் ஒரு பேச்சும் கிளம்பும். "பஸ் போற ரோட்டுல பிள்ளைங்கள பந்தயம் விடுறாங்களே, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?"

கேள்வியில் தவறில்லை. அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் நம்பிக்கைகளில்தான் கோளாறு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, டெல்டாச் சாலைகளில் சைக்கிள் பற்றிய பயம் ஏறக்குறைய அந்தக் கதைதான்.

நம்பிக்கை: பொதுச்சாலையில் சைக்கிள் பந்தயம் விடுவதே சட்டப்படி குற்றம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 189-ஆவது பிரிவை வைத்துச் சொல்லப்படுவது இது. அரசின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் வேகப்போட்டி விடுவதை அந்தப் பிரிவு தண்டிக்கிறது. ஆனால் அது பேசுவது மோட்டார் வாகனங்களைப் பற்றி மட்டுமே. சைக்கிள் அதில் சேராது. அதற்காகச் சைக்கிள்காரருக்குச் சட்டமே கிடையாது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி பொதுவழியில் தாறுமாறாக எந்த வண்டியை ஓட்டினாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. எந்த வண்டி என்பதில் சைக்கிளும் அடக்கம்.

ஆக, பந்தயம் தவறா என்பதைவிட எப்படி நடத்துகிறார்கள் என்பதே கேட்க வேண்டியது. அண்ணா போட்டியில் 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். மாணவிகளுக்குத் தூரம் 10 கிலோமீட்டரில் தொடங்குகிறது, மாணவர்களுக்கு 15-இல். எந்தப் பிரிவிலும் 20-ஐத் தாண்டுவதில்லை. இந்தியாவில் செய்த, சாதாரண ஹேண்டில்பார் உள்ள சைக்கிளைத்தான் கொண்டுவர வேண்டும். முதல் பரிசு 5,000 ரூபாய். அரசு கொடுத்த இலவச சைக்கிளிலேயே வந்து கலந்துகொள்ளும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளும் உண்டு. போலீஸ் சந்திகளில் நின்று வண்டிகளை நிறுத்தி விடும் அந்தக் காலை நேரம், அதே பிள்ளைகள் மற்ற நாட்களில் பள்ளிக்குப் போகும் சாலையைவிடப் பத்திரமானது என்றே சொல்வேன்.

அதில் ஆபத்து இல்லாமலும் இல்லை. நெருக்கமாகப் போகும் கூட்டத்தில் பின்னால் வருகிறவரின் முன்சக்கரம் முன்னே போகிறவரின் பின்சக்கரத்தில் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருகிறவர். அவர் மேல் இன்னும் இரண்டு பேர் விழுவார்கள். கிளம்பும் இடத்திலும் முடியும் இடத்திலும்தான் இது அதிகம். இன்னொன்று, கூடவே வரும் மோட்டார் சைக்கிள்கள். மாட்டு வண்டிப் பந்தயத்தில் மாடுகளுக்குப் பின்னால் பைக்கில் கத்திக்கொண்டு பறக்கும் அதே பழக்கம் பொங்கல் நேரத்து ஊர்ப் பந்தயங்களிலும் தொற்றிக்கொண்டிருக்கிறது. தம்பியை உற்சாகப்படுத்துவதாக நினைத்து "மிதிடா, மிதிடா" என்று பக்கத்திலேயே வரும் அண்ணன்தான் அந்தச் சாலையில் மிக ஆபத்தான ஆள்.

நம்பிக்கை: விடியற்காலையில் கும்பலாக, இறுக்கமான உடையும் ஹெல்மெட்டுமாகப் போகிறவர்கள் எல்லாம் பந்தயக்காரர்கள்.

நெடுஞ்சாலையில் நாம் பார்க்கும் அந்தக் கூட்டத்தில் பலர் 'பிரெவே' ஓட்டுகிறவர்கள். பாரீஸில் இருக்கும் ஆடாக்ஸ் சங்கத்தின் விதிப்படி நடக்கும் நெடுந்தூரப் பயணம் அது. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 600-க்கு 40 மணி அவகாசம். முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் இல்லை. அவகாசத்துக்குள் வந்தவர் எல்லோருக்கும் ஒரே மரியாதை. வழியில் இருக்கும் சோதனைச் சாவடிகளுக்கு மூடும் நேரம் இருப்பதுபோலத் திறக்கும் நேரமும் உண்டு. ரொம்ப வேகமாகப் போய்ச் சேர்ந்தால் சாவடி திறக்கும்வரை காத்து நிற்க வேண்டியதுதான். 200 கிலோமீட்டரை முடிக்க மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரி போதும். சந்தைக்குப் போகும் பழைய ஹெர்குலஸ்காரரின் வேகம் அது. இரவில் முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி திருப்பும் மேலாடை மூன்றும் கட்டாயம். நம் சாலையில் இரவு நேரத்தில் விதிப்படி விளக்கோடு போகும் சைக்கிள்காரர் அநேகமாக இவர்கள் மட்டுமே என்பது வேடிக்கை.

நம்பிக்கை: படுத்த மாதிரி ஓட்டும் சாய்வு சைக்கிள் ஆபத்தானது. அதனால்தான் உலகப் போட்டிகளில் அதற்குத் தடை.

ரிக்கம்பென்ட் என்று சொல்லப்படும் இந்தச் சைக்கிளில் நாற்காலியில் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிப்பார்கள். தஞ்சைப் பக்கம் எப்போதாவது ஒரு வெளிநாட்டுப் பயணி ஓட்டி வந்தால் பெரிய கோயில் வாசலில் கூட்டம் கூடிவிடும். அதைப் பார்த்தவர்கள் சொல்வது இரண்டு: தடை செய்யப்பட்டது, கண்ணுக்குத் தெரியாதது.

தடை உண்மை, காரணம் தவறு. 1933 ஜூலை 7-ஆம் தேதி பாரீஸில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற நடுத்தர ஓட்டக்காரர், சார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓடினார். 1914-இல் ஆஸ்கர் எக் வைத்த 44.247 கிலோமீட்டர் சாதனை போயிற்று. முன்னணி வீரர்களால் பத்தொன்பது ஆண்டுகள் அசைக்க முடியாததை ஒரு சாதாரணர் சாய்ந்தபடியே முறியடித்தால் விளையாட்டுச் சங்கத்துக்கு எப்படி இருக்கும்? அடுத்த மாதமே மொரிஸ் ரிஷார் சாதாரண சைக்கிளில் 44.777 ஓடினார். அதைவிடக் கூடுதலாக ஓடிய ஃபோரின் கணக்கு ஒதுக்கப்பட்டு ரிஷாரின் கணக்கு ஏற்கப்பட்டது. 1934-இல் சர்வதேச சைக்கிள் சங்கம் பந்தய சைக்கிள் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்து, சாய்வு சைக்கிளை வெளியே தள்ளியது. வேகமாகப் போகிறது என்பதுதான் அதன் குற்றம். பாதுகாப்பு என்ற பேச்சே அங்கே எழவில்லை.

அடுத்தது, தெரியாது என்பது. தரையை ஒட்டிப் போகும் பந்தய வகைக்கு அது பொருந்தும். ஊர் சுற்றும் வகையில் உட்காருகிறவரின் தலை ஏறக்குறைய கார் ஓட்டுகிறவரின் தலை உயரத்தில் இருக்கும். மணிக்கணக்காக ஒரே மாதிரி வண்டிகளைப் பார்த்துச் சலித்த டிரைவர் இதைக் கண்டால் கண் எடுக்காமல் பார்ப்பார். விழுந்தாலும் விழும் உயரம் குறைவு, முன்னே போவது கால், தலையல்ல. முன்பிரேக்கை இறுகப் பிடித்தால் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்படும் ஆபத்து பெரும்பாலும் இல்லை. மேடேறத்தான் இது சிரமம், டெல்டாவிலோ மேடென்றால் ஆற்றுப் பாலம்தான். அம்மி பறக்கும் ஆடிக் காற்றை எதிர்த்து மிதிக்க இதைவிட நல்ல வண்டி இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வேகத்தடையிலும் பள்ளத்திலும் சீட்டிலிருந்து எழுந்து காலில் தாங்கிக்கொள்ள முடியாது. அடி முழுக்க முதுகுக்கு. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாது, கண்ணாடி இல்லாமல் ஓட்டவே கூடாது. நின்று கிளம்பும்போது தள்ளாடும். லாரியின் மூக்குக்கு நேர் முன்னால் போய் நின்றால் டிரைவர் கண்ணுக்கு மறைந்துவிடும். கம்பு நட்டு உயரத்தில் ஒரு கொடி கட்டுவது இதற்காகத்தான்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் நம் பஸ் ஸ்டாண்டுகளிலும் கடைத்தெருக்களிலும் எத்தனையோ காலமாக ஓடுகிறது. அதுவும் தாழ்ந்த இருக்கைதான், பெரும்பாலானவற்றில் விளக்கும் இல்லை. வெளிநாட்டு வண்டியைப் பார்த்து 'ஐயோ, தெரியாதே' என்று பதறுகிறவர்கள் அதற்காகப் பதறி நான் பார்த்ததில்லை.

நம்பிக்கை: எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாகப் போனால் பத்திரம்.

நடந்து போகிறவருக்கு அது சரி, சைக்கிளுக்குச் சரியில்லை. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். பஸ் மணிக்கு 70 கிலோமீட்டர், சைக்கிள் 20. ஒரே திசையில் போனால் இடைவெளி குறையும் வேகம் 50, எதிரெதிராகப் போனால் 90. நூறு மீட்டர் தூரத்தில் டிரைவர் உங்களைப் பார்த்தார் என்றால், முதல் நிலையில் அவருக்கு ஏழு விநாடிக்கு மேல் கிடைக்கும். இரண்டாவதில் நான்கே விநாடி. அது போக, அய்யம்பேட்டையிலோ பாபநாசத்திலோ சந்திலிருந்து கும்பகோணம் சாலைக்கு இடது பக்கம் திரும்பி ஏறும் டிரைவர் வலப்பக்கம்தான் பார்ப்பார். தவறான ஓரத்தில் வரும் சைக்கிள் அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வருகிறது.

நாலுவழிச் சாலையில் ஜனங்கள் எதிர்த்திசையில் போவது அறியாமையால் மட்டும் அல்ல. மீடியனில் திரும்பும் இடைவெளி வெகுதூரம் தள்ளி இருந்தால் வயலுக்குப் போகிறவர் என்ன செய்வார்? சாலை போட்டவர்கள் சைக்கிளையே கணக்கில் எடுக்கவில்லை.

நம்பிக்கை: ஹெல்மெட் இருந்தால் போதும்.

போடுங்கள், கட்டாயம் போடுங்கள். ஆனால் ஐரோப்பியத் தரச் சோதனையில் சைக்கிள் ஹெல்மெட்டை மோதவிடும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டித்தான். தானாகச் சறுக்கி விழுவதற்கு அது காப்பு. 80-இல் வரும் பஸ்ஸுக்கு அல்ல.

நம்பிக்கை: விபத்துக் கணக்கில் சைக்கிள் குறைவு, ஆகவே சைக்கிள் பாதுகாப்பானது.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சைக்கிள்காரர்கள் சுமார் 3 சதவீதம், இருசக்கர மோட்டார் வண்டியில் போனவர்கள் 44 சதவீதத்துக்கு மேல். எத்தனை பேர், எத்தனை தூரம் ஓட்டினார்கள் என்பதோடு சேர்க்காமல் இந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. சைக்கிள் குறைந்ததால் சைக்கிள் சாவு குறைந்தது என்றால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அதே கணக்கில் இறப்புகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகத்தின் பேரில் பதிவாகியிருக்கிறது. அந்த வேகம் மிதியிலிருந்து வந்ததல்ல.

நம்பிக்கை: பெரிய ரோடுதான் ஆபத்து. ஊர் ரோடு, ஆற்றங்கரை ரோடு எல்லாம் பத்திரம்.

பந்தயம் வைக்கிற இளைஞர்களும் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளும் தேர்ந்தெடுப்பது இந்தச் சாலைகளைத்தான். வண்டி குறைவு என்பது சரி. ஆனால் டெல்டாவின் ஊர்ச் சாலை வருஷத்தில் சில மாதங்கள் சாலையாகவும், சில மாதங்கள் களமாகவும் இருக்கிறது.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. குறுவை அறுவடை நேரத்தில் மழையும் வந்து நிற்கும். உலர்களம் போதாத ஊரில் விவசாயிக்குக் கிடைக்கும் சூடான, சமமான இடம் தார்ச்சாலை ஒன்றுதான். பாதி சாலையில் நெல்லைப் பரப்பி, வண்டி ஏறாமல் இருக்க விளிம்பில் கருங்கல்லோ செங்கல்லோ வரிசையாக வைப்பார்கள். பகலில் இதில் பெரிய சிக்கல் இல்லை. பொழுது சாய்ந்ததும் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். சில இடங்களில் மூட்டை பிடித்து ஏற்றியே போய்விடுவார்கள். கல் மட்டும் அங்கேயே கிடக்கும். நாளைக்கு மறுபடியும் வேண்டுமே என்று ஒரு எண்ணம், யாராவது எடுப்பார்கள் என்று இன்னொரு எண்ணம். விளக்கில்லாத சாலையில், விளக்கில்லாத சைக்கிளில், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கு அந்தக் கல் முன்சக்கரம் மோதும்போதுதான் தெரியும். பந்தய சைக்கிளின் ஒல்லி டயர் என்றால் சிதறிக் கிடக்கும் நெல்மணியே போதும், வளைவில் சக்கரம் நழுவிவிடும்.

டிராக்டரின் கேஜ் வீல் வயலிலிருந்து ஏறும் இடத்தில் சாலையில் அப்பும் களிமண் இன்னொன்று. காய்ந்தால் கட்டி கட்டியாக இருக்கும். முதல் தூறல் விழுந்ததும் விளக்கெண்ணெய் ஊற்றியது போல் ஆகிவிடும். அதே தூறலில் பழைய ராடு பிரேக்கும் நனைந்த ரிம்மில் பிடிக்காது. வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் இருபுறமும் பிதுங்கி வரும். டிரெய்லரின் அகலத்தைப் பார்த்து ஒதுங்குகிறவரை வைக்கோல் தட்டிவிடும். ஆற்றங்கரைச் சாலையில் பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. கல்லணைக் கால்வாயில் சிமென்ட் சரிவு போட்ட பகுதியில், தண்ணீர் ஓடும்போது விழுந்தால் பிடித்து ஏறப் புல்கூட இல்லை.

பொதுவழியில் இடையூறு செய்தால் 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவு. களம் கட்டிக் கொடுக்காமல் நெல் காயவைத்தவரிடம் அதைக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கல்லை விட்டுப் போவது வேறு. அதற்கு ஈரப்பதமும் காரணம் அல்ல, அரசும் காரணம் அல்ல.

பொங்கலுக்குப் பந்தயம் வைக்கும் இளைஞர் மன்றத்தாருக்கு: காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். முந்தின மாலை தடம் முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து மண்ணையும் நெல்லையும் கூட்டித் தள்ளுங்கள். எல்லாச் சைக்கிளின் பிரேக்கையும் பார்த்த பிறகே கொடி அசையுங்கள். பைக் ஒன்றுகூடப் பின்னால் வரக் கூடாது. சாலையில் நெல் காயவைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: இருட்டுவதற்கு முன் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிடுங்கள். குவியல் அங்கேயே இருக்கப் போகிறது என்றால் இரண்டு முனையிலும் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் வையுங்கள், சைக்கிள் கடையில் கிடைக்கும்.