காணாதார்க்கும் திறந்த ஏடு

திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமம் உண்டென்று, 1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் கண்டார். பின்னர் அதனைப் பிரித்தெடுக்கும் ஆலை நம் மணவாளக்குறிச்சியில் எழுந்தது. அக்கனிமத்திற் பெற்ற தோரியம் வாயு விளக்கின் மேண்டில்களில் அமைந்து, மேனாட்டு நகரங்களில் ஒளி பரப்பிற்று. எனினும், எவ்வொளியும் பார்வையற்றார்க்கு ஏட்டைக் காட்டாது. அவர்க்குக் கல்வி வேறு வழியால் வருதல் வேண்டும். அவ்வழியைத் திறக்கவே ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பாளையங்கோட்டையிற் பள்ளி தொடங்கினார். இந்நாளில் ஏடும் அலுவலகமும் இணையதளமாய் விட்டன. ஆண்டும் அவ்வழி திறந்துளதோ என ஆராய்வோம்.

பார்வையற்றார் இணையதளத்தைத் திரை வாசிப்பான் என்னும் செயலியாற் படிக்கின்றனர். அஃது எழுத்தைக் குரலாக்கும். அன்றிப் பிரெயில் புள்ளிகளாக்கும். எழுத்தின் வடிவத்தை அது நோக்குவதில்லை. ஒவ்வோர் எழுத்திற்கும் கணினியில் உரிய எண்ணையே அறியும். ஆதலின், ஓர் ஆணையைப் படமெடுத்து ஏற்றினால், அதன்கண் உள்ள சொற்கள் அதற்குப் புலப்படா. படத்தினின்று எழுத்தை உணரும் கருவிகள் இன்று உண்டெனினும், முத்திரை விழுந்த இடத்தும் அட்டவணையிலும் அவை பிழைபடுதல் உண்டு.

தமிழுக்குத் தனியே ஓர் இடர் நேர்ந்தது. பழைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றின. கண்ணுக்குத் தமிழ், செவிக்கோ பொருளற்ற ஆங்கில ஒலி. 1991-இல் வெளியான யூனிக்கோடு தமிழுக்குத் தனி எண்களை வகுத்தது. தமிழக அரசும் 2010-இல் அதனை ஏற்றது. ஆயினும் பழைய முறையிற் பதித்த ஆவணங்களை மாற்றினாலன்றி அவ்விடர் நீங்காது.

இதனால் வரும் இழப்பு யாது? நம்மூரில் பார்வையற்ற ஒருவர் தம் உதவித்தொகை ஆணையை அறிய விரும்பினாரென்க. அது படமாயின், அயலாரைக்கொண்டே படிப்பிக்க வேண்டும். தம் வருவாயையும் வங்கிக் கணக்கையும் பிறர் அறிந்த பின்னரே தாம் அறிவார். பூட்டிய கதவின்முன் நிறுத்துவதினும் இது கொடிது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பெற்றது. அமில வீச்சினால் முகம் சிதைந்தோரை, கணக்குத் தொடங்கக் கண் இமைத்துக் காட்டுமாறு கேட்ட முறை வழக்காயிற்று. அதில் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், இணையவழிச் சேவைகளை அடைதல் அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் கூறே என உரைத்தது.

இனி, தளம் அமைக்கும் மாணவர் செய்யத்தக்கன சில. எழுத்தை எழுத்தாகவே இடுக. படந்தோறும் அதன் பொருளுணர்த்தும் மாற்றுரை தருக. தலைப்பைப் பெரிதாக்கினாற் போதாது; தலைப்பென்றே குறியிடுக. எழுத்திற்கும் பின்னணிக்கும் ஒளிவேற்றுமை 4.5-க்கு 1 ஆயினும் இருத்தல் வேண்டும். செவிப்புலன் குன்றினார்க்காகக் காணொளியில் உரையெழுத்து அமைக்க. கை நடுங்குவோர்க்காக, சுட்டியின்றி விசைப்பலகை ஒன்றினாலேயே அனைத்தும் இயலச் செய்க.

நண்பர்காள்! இன்றே சுட்டியை ஒதுக்கித் திரையை மறைத்து, திரை வாசிப்பானின் குரலொன்றையே துணைக்கொண்டு நம் கல்லூரித் தளத்திற் புகுந்து பாருங்கள். எங்கே வழி தடைப்படுகின்றதோ, அங்கே நம் பணி தொடங்குகின்றது.