திரைப்படமும் சமூக மாற்றமும்

திரைப்படம் மக்கள் மனத்தை மாற்ற வல்லதா? இவ்வினாவிற்குச் சித்தூர் மாவட்டத்தின் வரலாறு ஓரளவு விடை தருகிறது. பங்காருபாளையம் உள்ளிட்ட இப்பகுதி அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1938 அக்டோபரில் இம்மாவட்டத்திற்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதே ஆண்டில், எச். எம். ரெட்டி இயக்கிய 'கிருகலட்சுமி' என்னும் தெலுங்குப் படம் வெளிவந்தது. குடியின் கேட்டைச் சித்திரித்த அப்படத்தில், கள்ளை விடுமாறு மக்களை வேண்டிப் பாடி நடித்தார் சித்தூர் நாகையா. சட்டம் கடையை மூடியது. படம் குடிப்பவனின் மனச்சான்றுடன் பேசியது.

எனினும், படம் மட்டும் போதாது. இதனை 1976-இல் வெளிவந்த 'மந்தன்' என்னும் இந்திப் படம் உணர்த்துகிறது. குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் அளித்து உருவாக்கிய இப்படத்தை ஷியாம் பெனகல் இயக்கினார். அதன் 16 மி.மீ. பிரதிகள் சிற்றூர்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டபோது, கால்நடை மருத்துவரும் தீவன வல்லுநரும் உடன் சென்றனர். படம் ஆர்வத்தை எழுப்பியது. கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் வழியை அவர்கள் காட்டினர்.

ஆகவே, திரையிடலுக்கு ஏற்பாடு செய்யும் அலுவலர் ஒன்றை மறத்தலாகாது. குடியை விட எண்ணுபவனுக்கும், சங்கத்தில் சேர விழைபவளுக்கும், மறுநாள் காலையில் அணுகுவதற்கு அவ்வூரில் ஒருவர் இருத்தல் வேண்டும்.