தர்ப்பூசணிக் கீற்று

கோடையில் நடைபெறும் வில்லியனூர் மாதா திருவிழாவில் தர்ப்பூசணிக் கீற்றைக் கண்டால் யாருக்குத்தான் நா ஊறாது! முழுப்பழத்தின் உட்சதையில் பெரும்பாலும் கிருமி இராது. மண்ணில் கிடந்த தோலில்தான் ஒட்டியிருக்கும். கழுவாமல் அறுத்தால் கத்தியே அதை உள்ளே கொண்டு சேர்க்கிறது. அன்னாசியின் புளிப்பு கிருமிகளைப் பெருகவிடாது. தர்ப்பூசணியில் அப்புளிப்பு இல்லை. ஏற்ற வெப்பத்தில் 20 நிமிடத்திற்கொருமுறை இரட்டிக்கும் கிருமி ஒன்று, நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும்!

ஐஸ்கட்டி மேல் வைத்தால் போதாதா? குளிர் கிருமியைக் கொல்லாது. அசுத்த நீரில் செய்த ஐஸோ கிருமியைக் கூட்டும். லிஸ்டீரியா என்னும் கிருமி குளிரிலும் வளரும். 2011இல் அமெரிக்காவின் கொலராடோ பண்ணையொன்றிலிருந்து வந்த முலாம்பழங்களில் அது இருந்ததால் 33 பேர் மாண்டனர்.

ஆகவே தோழியரே, பழத்தையும் கத்தியையும் கழுவி, நம் கண்முன்னே அறுத்துத் தருபவரிடமே வாங்குவோம். காலையிலேயே அறுத்து அடுக்கிய கீற்று, ஈ மொய்க்காத கண்ணாடிப் பெட்டியில் இருந்தாலும் வேண்டாம்.